பூச்சாடிக்கு இரண்டு விளக்கு

பழைய வீட்டுக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ட்யூப்லைட். சோபாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. சுவிட்சைத் தட்டினால் உடனே எரியாது. கண் சிமிட்டும், யோசிக்கும், பெருமூச்சு விடும், அப்புறம் போனால் போகிறதென்று எரியும். எரிந்துவிட்டால் ஒளிவு மறைவே கிடையாது. மூலையில் ஒட்டடை, விருந்தாளியின் சட்டையில் அறுந்த பொத்தான், மேனேஜரின் வழுக்கை, எல்லாம் ஒரே மரியாதையோடு பளிச்சென்று தெரியும்.

"வீடா இது? ரயில்வே பிளாட்பாரம்" என்பார் மேனேஜர்.

மேனேஜர் என்பது இன்சூரன்ஸ் கம்பெனியில் அவர் ஓய்வு பெறுகிற தறுவாயில், போகிறவர் சந்தோஷமாகப் போகட்டுமே என்று கொடுத்த பதவி. கொடுத்ததைக் கம்பெனி மறந்து நாளாகிறது. மேனேஜர் மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில்கூடத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் ஜாடியைக் கோப்பு மாதிரி இப்படி நகர்த்தி அப்படி நகர்த்தித்தான் பேச்சைத் தொடங்குவார்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். அவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் தெரு முழுக்க 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும், தாலி கட்டிய மேனேஜர் உட்பட. டீச்சருக்கு ஊரறிந்த ஒரு பெருமை உண்டு: பாம்புச் செவி. கரும்பலகையை ஒட்டி நின்றபடி, கடைசி பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்ததை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லுவார். "'கிழவிக்கு இன்னிக்கு முட்டி வலி, வீட்டுப்பாடம் கேக்காது'ன்னு சொன்னது யாரு? கேக்கும். எடு நோட்டை." இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள் வைத்த வகுப்பறை அது. டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் மனசுக்குள் திட்டவும் பயந்தார்கள். இந்தப் புகழை டீச்சர் ஒருநாளும் மறுத்ததில்லை. பட்டம் தானாக வந்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

அந்தக் காது வீட்டில் பயன்பட்டது மருமகள் வந்த பிறகுதான். மருமகளுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு என்ன வியாதி என்பது வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியவும் கூடாது. இப்படிச் சொல்லிச் சொல்லிக் குரலே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பஞ்சுக் குரலுக்குள் ஊசி இருப்பது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் சோபாவில் சாய்ந்து நாட்டு நிலவரம் பேசும்போது, பக்கத்தில் இருக்கிற மருமகள் உதடு பிரிந்தும் பிரியாமலும் ஏதாவது ஒன்று சொல்லுவாள். அவளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மகனுக்கே கேட்காது. எதிரே நாற்காலியில் இருக்கும் டீச்சர் குபீரென்று சிரித்துவிடுவார்.

"என்ன சிரிப்பு, டீச்சர்?"

"நீங்க சொன்னதுக்குத்தாங்க. ரொம்ப ஆழமா இருந்துது."

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போவதற்கு உலகத்தில் ஆயிரம் காரணம் இருக்கலாம். இவர்களுக்கு மேனேஜர் ஒருவரே போதுமானவராக இருந்தார்.

அப்புறம் புது வீடு வந்தது. அதோடு ஒளிச் சிற்பியும் வந்தார்.

ஒளிச் சிற்பி என்று அவருடைய அட்டையில்தான் போட்டிருந்தது. வயசு என்னவோ மகன் வயசுதான். கருப்புச் சட்டை, கருப்புக் கால்சட்டை, கருப்புக் கண்ணாடிச் சட்டம். வெளிச்சத்தைத் தொழிலாகக் கொண்டவர் தன்மேல் ஒரு துளிகூட விழாமல் பார்த்துக்கொண்டார். காலியாகக் கிடந்த கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடி, சுவரைத் தடவிப் பார்த்தார்.

"சார், லைட் வேற, லைட்டிங் வேற."

இதைத்தான் இத்தனை வருஷமாக நானும் சொல்ல நினைத்தேன் என்பதுபோல மேனேஜர் தலையை ஆட்டினார்.

"வெளிச்சம் பேசணும், சார். நிழல் அதுக்குப் பதில் சொல்லணும்."

"அப்ப நாங்க எப்ப பேசறது?" என்றார் டீச்சர்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். சிற்பி பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். பிறகு பாடம் எடுத்தார். ஒரு வீட்டுக்கு மூன்று அடுக்கு வெளிச்சம் வேண்டும். ஆம்பியன்ட் என்பது அறை முழுக்கப் பரவுவது. டாஸ்க் என்பது படிக்க, தைக்க, நறுக்க, வேலை நடக்கிற இடத்தில் விழுவது. ஆக்சென்ட் என்பது அழகான பொருளை எடுத்துக்காட்டுவது. மூன்றுமே சரியான விஷயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. சிற்பியின் கோளாறு, மூன்றாவதன்மேல் அவர் காதல் கொண்டதில் இருந்தது. முதல் இரண்டையும் தூரத்துச் சொந்தம் மாதிரி நடத்தினார்.

அடுத்த முறை வரைபடத்தோடு வந்தார். சோபா ஒரு செவ்வகம், மேசை ஒரு நீள்வட்டம், கூரையில் விளக்குகளுக்குச் சின்னச் சின்ன வட்டம், ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கூம்பு. சோபாவின் பின்பக்கம் நெடுக ஒரு மஞ்சள் கோடு, அது மறைத்து வைக்கிற ஒளிப்பட்டை. கல் பதித்த சுவருக்குக் கூம்பு. ஓவியத்துக்குக் கூம்பு. மூலையில் நிற்கப்போகிற பெரிய பூச்சாடிக்கு மட்டும் இரண்டு கூம்பு.

வடிவியல் நடத்தியே காலத்தை ஓட்டியவர் டீச்சர். படத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "இதுல மனுஷங்க எங்க, தம்பி?"

"மனுஷங்க நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க, மேடம். டிசைன்ல கணக்குல எடுத்துக்க முடியாது."

"பூச்சாடி?"

"அது நிக்கும்."

"மூஞ்சியில கொஞ்சம் வெளிச்சம் விழறா மாதிரி..."

"கண் கூசும், மேடம். நல்ல லைட்டிங்ல லைட் எங்கேர்ந்து வருதுன்னே தெரியக் கூடாது."

"சிற்பி சொன்னாச் சரியா இருக்கும்" என்று மேனேஜர் கூட்டத்தை முடித்துவைத்தார். சமையலறையை மட்டும் சிற்பியிடம் கொடுக்கவில்லை. அங்கே மூட் எதற்கு என்பது மேனேஜர் தீர்ப்பு. அதனால் அங்கே எலக்ட்ரீஷியன் தன் இஷ்டத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு நீள விளக்கை மாட்டிவிட்டுப் போனார்.

குடிபோன அன்று சாயங்காலம் மேனேஜர் தன் கையால் சுவிட்சுகளைப் போட்டார். ஓவியம் ஜொலித்தது. கல்சுவர் மலையருவி மாதிரி மின்னியது. பூச்சாடி ராஜகுமாரி மாதிரி நின்றது. சோபாவின் பின்னாலிருந்து மஞ்சள் ஒளி பொங்கி எழுந்தது. அந்த ஒளிக்கு முன்னால் மேனேஜர், மகன், மருமகள் மூன்று பேரும் கரியால் வரைந்த உருவங்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படி?" என்றது நடுக்கரி.

"பிரமாதம்" என்றார் டீச்சர். பக்கத்துக் கரி ஏதோ சொல்லிற்று. கேட்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். முதலில் வீட்டின்மேல் சந்தேகப்பட்டார் டீச்சர். புதுக் கூரைப் பலகை சத்தத்தை விழுங்குகிறதோ? திரைச்சீலை தடிமனோ? சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. அங்கே கூரையிலிருந்து ஒரு கூம்பு நேராகப் பழத்தட்டின்மேல் விழுந்தது. ஆப்பிள் தெரிந்தது, ஆட்கள் நெற்றியோடு நின்றுபோனார்கள். டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். குரல் வருகிறது, ஆனால் வார்த்தை வரவில்லை. மருமகளின் பஞ்சுக் குரல் அடியோடு போயிற்று. போகாதது மேனேஜரின் குரல் ஒன்றுதான். விதி எதை விட்டுவைக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இன்னும் ஒரு விசித்திரம். மகன் பேசுவது பெரும்பாலும் கேட்டது. அவன் எந்நேரமும் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடிதான் பேசுவான். சமையலறையில் எல்லார் பேச்சும் கேட்டது. பாத்திரம் தேய்த்தபடி மருமகள் சொல்லுகிற ஊசிக் கிண்டல்கூட அங்கே முழுசாக வந்தது. கூடத்துக்கு வந்தால் போயிற்று. இதையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்திருந்தால் கணக்கு டீச்சருக்கு விடை கிடைத்திருக்கும். பயந்தவர்களுக்குக் கணக்கு வராது என்று அவரே எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. டீச்சரின் அக்காவுக்குக் காது மந்தம். ஏதாவது விசேஷத்தில் எல்லாரும் கூடினால் அந்த அக்காவை ஓரமாக உட்காரவைத்து, கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "நல்லா இருக்கியாக்கா?" என்று கத்திவிட்டு அப்பால் போய்விடுவார்கள். அவருக்கு 'டமாரம்' என்று பேர் வைத்ததே டீச்சர்தான். அந்தப் பேர் இப்போது தன்னைத் தேடி வருவதாக அவருக்குத் தோன்றியது. பாம்புச் செவி டமாரமாகிவிட்டது என்று தெரிந்தால் தெரு என்ன சொல்லும்? அதைவிட, மேனேஜர் எவ்வளவு நேரம் பேசுவார்?

ஆகவே சமாளித்தார். வகுப்பில் பாடம் புரியாத பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டும். கேள்வி கேட்டால் சிரிக்கும். டீச்சர் இத்தனை வருஷம் எதிரே நின்று பார்த்த அந்தப் பெஞ்சில் தானே போய் உட்கார்ந்தார். யார் எதைச் சொன்னாலும் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, "சரிம்மா."

மருமகள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். சமையலறையில் கொஞ்ச நேரம் பழைய மாதிரி இருப்பாள். கூடத்துக்கு வந்தால் வாயை மூடிக்கொள்வாள். பிறகு சமையலறையிலும் மூடிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மகன் கைபேசியும் கையுமாக வந்து எதிரே நின்றான். "அம்மா, அந்த ஆஸ்பத்திரிகிட்ட வீடு கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் போயிடறோம்."

"எந்த வீடு? யாரு போறது?"

அவன் முகம் கைபேசி வெளிச்சத்தில் நீலமாகச் சுளித்தது. "என்னம்மா, புதுசா கேக்கறீங்க? தனியா போகலாமான்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு அவ உங்களை உக்காரவெச்சுக் கேட்டாளே? நீங்கதானே சிரிச்சுக்கிட்டே 'சரிம்மா, அப்படியே செய்'ன்னீங்க?"

டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை. சோபாவில் மருமகளின் உருவம் மடியைப் பார்த்தபடி வெகுநேரம் ஏதோ சொன்னது. நிமிர்ந்தது. காத்திருந்தது. ஏதோ புடவையோ வேலையோ என்று நினைத்து டீச்சர் தன் ஆகச்சிறந்த சிரிப்பைச் சிரித்து, ஆகச்சிறந்த சம்மதத்தைத் தந்தார்.

"அவ அன்னிக்கு அழுதா, தெரியுமா? நீங்க வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சா. 'உங்கம்மாவுக்கு நீ சொன்னா காதுல விழுது, நான் சொன்னா விழமாட்டேங்குது. கிச்சன்ல மனுஷியா இருக்காங்க, ஹாலுக்கு வந்தா மகாராணி ஆயிடறாங்க'ங்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் வாயைத் திறந்தார். 'எனக்குக் காது கேக்கலடா' என்ற மூன்றே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மேனேஜர் உள்ளே நுழைந்தார். "நாளைக்கு எல்லாரும் நல்ல துணி போட்டுக்கணும். சிற்பி போட்டோ எடுக்க வர்றார். நம்ம வீடு போட்டிக்குப் போகுது!" மூன்று வார்த்தையும் வந்த வழியே திரும்பிப் போயின.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்குச் சிற்பி வந்தார். 'ஆண்டின் ஒளிமிகு இல்லம்' என்று ஏதோ சங்கம் நடத்துகிற போட்டியாம். கூடவே தொந்தியும் தோள்பையுமாக ஒரு போட்டோக்காரர். பூச்சாடியை எடுத்தார், கல்சுவரை எடுத்தார், ஓவியத்தை எடுத்தார். எல்லாம் முதல்தரம். "குடும்பத்தோடவும் ஒண்ணு அனுப்பணுமாம், சார். 'வாழும் இல்லம்'னு அதுக்கு ஒரு பிரிவு இருக்கு."

மேனேஜர், மகன், மருமகள் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். டீச்சர் எதிரே நாற்காலியில். போட்டோக்காரர் கேமராவில் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"ஆளே இல்லியே, சார்."

"அது சில்லவுட், நிழலுருவம். ஒரு டிராமா" என்றார் சிற்பி.

"டிராமான்னா நடிகர் மூஞ்சி தெரியணுமே? இதுல மூணு மூட்டைதான் தெரியுது. நடுமூட்டை கொஞ்சம் பெருசு."

நடுமூட்டை கோபமாக அசைந்தது.

சிற்பி எவ்வளவோ வாதாடினார். போட்டோக்காரர் காதில் போட்டுக்கொள்ளாமல் பையிலிருந்து ஒரு கம்பத்தை எடுத்து நிறுத்தினார், அதில் ஒரு விளக்கு, அதற்கு முன்னால் வெள்ளைக் குடை. டீச்சரின் தோளுக்குப் பின்னால் வைத்துச் சோபாவைப் பார்த்துத் திருப்பினார். சுவிட்சைப் போட்டார்.

சோபாவில் மூன்று முகங்கள் முளைத்தன. மேனேஜர் மீசையை ஒழுங்கு செய்துகொண்டார். மகனுக்குத் தூக்கம் போதவில்லை என்று தெரிந்தது. மருமகளின் கண்ணுக்குக் கீழே கருவளையம். இத்தனை நாள் இந்த முகத்தையா பார்க்காமல் இருந்தோம் என்று டீச்சருக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"நேச்சுரலா இருங்க. உங்களுக்குள்ள ஏதாவது பேசிட்டு இருங்க."

மேனேஜர் உடனே நேச்சுரலாக மூன்று அடுக்கு வெளிச்சத்தை விளக்கத் தொடங்கினார். மருமகள் மகன் பக்கம் லேசாகத் திரும்பினாள். உதடு பிரிந்தும் பிரியாமலும் சொன்னாள்: "அத்தை நம்மள அனுப்பிட்டு இந்த போட்டோவை மாட்டி வெச்சுக்குவாங்க. நமக்கு ஒரு பிரதியாவது தருவாங்களா?"

"பிரதி எதுக்கு? இங்கேயே சட்டம் போட்டு மாட்டறோம், தினமும் நின்னு பாரேன்" என்றார் டீச்சர். "யாரு உன்னை அனுப்பறது?"

மேனேஜர்கூட இரண்டாவது அடுக்கில் நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த மகன், "அவ என்ன சொன்னா? எனக்கே கேக்கலியே!" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். போட்டோக்காரர் குடையைச் சரிசெய்ய விளக்கை அணைத்தார். சோபா மறுபடி இருண்டது. மருமகளின் உருவம் பதறி எழுந்து ஏதோ சொன்னது. டீச்சருக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை.

"தம்பி" என்றார் டீச்சர். குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். போட்டோக்காரர் நிமிர்ந்து நின்றார். "அந்த விளக்கைப் போடுங்க."

விளக்கு எரிந்தது. "நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லும்மா."

"நான் சொன்னது கேட்டுச்சா அத்தை? நான் வாய்க்குள்ளதானே..."

"அணைங்க, தம்பி. நீ பேசு." இருட்டு, முணுமுணுப்பு. "போடுங்க. பேசு." வார்த்தை. "இப்ப வாயைக் கையால மூடிக்கிட்டுப் பேசு."

மருமகள் குழம்பிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். முழு வெளிச்சம் இருந்தது. ஆனால் டீச்சருக்கு வந்தது வெறும் பஞ்சு.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னல் பக்கம் வெயிலடித்த பெஞ்சுகள், ட்யூப்லைட், மகனின் கைபேசி, சமையலறையின் வெள்ளை விளக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்று கையைத் தூக்கின. கணக்கு முடிந்தது. விடைதான் பிடிக்கவில்லை. பிடிக்காத விடையை அழித்துவிட்டு வேறு எழுதுகிற பிள்ளைகளை அவர் மன்னித்ததே இல்லை.

"எனக்குக் காது கேக்கல" என்றார்.

"என்னது?" என்றார் மேனேஜர்.

"கேக்கலங்க. எப்பலேர்ந்துன்னு தெரியல, ரொம்ப வருஷமா இருக்கும் போல. நான் இத்தனை நாள் கேட்டது காதால இல்ல. உதட்டைப் பாத்துக் கண்ணாலதான் கேட்டிருக்கேன், எனக்கே தெரியாம. இங்க மூஞ்சியை எல்லாம் அணைச்சு வெச்சுட்டீங்க. செவிடாயிட்டேன்."

"உனக்கா? பாம்புச் செவி ஆச்சே!"

"பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, மாமா" என்றாள் மருமகள். மேனேஜருக்குக் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டது. கண்ணில் தண்ணீரோடு டீச்சர் குபீரென்று சிரித்தார்.

மருமகள் வந்து குடைவிளக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள், முகம் முழுக்க வெளிச்சம். "அப்ப அன்னிக்கு நான் சொன்னது?"

"ஒரு எழுத்து விழல."

"அவ்வளவு அழகா சிரிச்சீங்களே!"

"புரியாத பிள்ளை எல்லாம் அழகாத்தாம்மா சிரிக்கும். இப்பக் கேளு. அதே கேள்வியைக் கேளு."

மருமகள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "நாங்க தனியா போகலாமான்னு இருக்கோம், அத்தை. நீங்க என்ன சொல்றீங்க?"

"போகணும்னு ஆசையா இருந்தா போங்க. உங்க குடித்தனம், உங்க இஷ்டம். ஆனா நான் சந்தோஷமா அனுப்பினேன்னு நினைச்சுக்கிட்டு மட்டும் போகாதே. நீ போயிட்டா இந்த மனுஷன் பேசறதை எல்லாம் நான் ஒருத்தியே கேக்கணும். அதுவும் அவர் குரல் மட்டும் நல்லாவே கேக்குது."

மருமகள் சிரிக்கவும் அழவும் ஒரே சமயத்தில் தொடங்கினாள். இந்த நேரம் பார்த்துக் கேமரா கிளிக்கென்றது. "இதான் நேச்சுரல்" என்றார் போட்டோக்காரர்.

சிற்பி பூச்சாடிக்குப் பக்கத்தில், இரண்டு கூம்புக்கும் வெளியே நின்றிருந்தார். "மேடம், இது ஹெல்த் பிரச்சினை. டிசைன் பிரச்சினை இல்லையே?"

"ரெண்டும்தான், தம்பி. காதுக்கு நாளைக்கு டாக்டரைப் பாக்கறேன். வீட்டுக்கு நீங்கதான் டாக்டர். அந்தப் படத்தை எடுங்க."

மேசையில் படம் விரிந்தது. டீச்சர் பென்சிலை எடுத்தார். வருஷக்கணக்காகத் தொடாத பென்சில் மாதிரி இல்லை, கை தானாக ஓடிற்று. "இங்க இவர். ராத்திரி சாப்பாடு ஆனப்புறம் அசையவே மாட்டார், பூச்சாடியைவிட நல்லா நிப்பார். இங்க இவ. இங்க அவன். இங்க நான். யாரு யாரைப் பாத்துப் பேசறாங்க?" மூக்குகளிலிருந்து மூக்குகளுக்குக் கோடுகள் போட்டார். "இந்தக் கோட்டுல கடைசியில இருக்கற மூஞ்சிக்கு முன்னாலேர்ந்து வெளிச்சம் வரணும். முதுகுப் பக்கம் வெளிச்சமே கூடாது. கண்ணும் கூசக் கூடாது. எப்படின்னு நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியாது."

சிற்பி முதலில் மரியாதைக்குத்தான் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஒளிப்பட்டையை மங்கலாக்கிவிடலாம் என்றார். சாப்பாட்டு மேசைக்குப் பால்கண்ணாடிக் குடத்துக்குள் விளக்கு ஒன்று தொங்கவிட்டால் பழத்தோடு சேர்த்துச் சுற்றி இருக்கிறவர்கள் முகத்திலும் பரவும் என்றார். திடீரென்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். "மேடம்! இந்தப் பூச்சாடி லைட் ரெண்டையும் எதிர்ச் சுவர் பக்கம் திருப்பிட்டா? அது வெள்ளைச் சுவர். பட்டுத் திரும்பி மெத்துன்னு சோபா மேல விழும். கூசாது. லைட் எங்கேர்ந்து வருதுன்னும் தெரியாது!" அவர் முகத்தில் வந்த சந்தோஷம், இதுவரை பேசிய எந்தத் தத்துவத்திலும் இல்லாத உண்மையான சந்தோஷம். பையன் தொழில் தெரிந்தவன்தான், இத்தனை நாள் மேடையிலிருந்து இறங்கவில்லை, அவ்வளவுதான் என்று டீச்சர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

மகன் அந்த வாரமே வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டாக்டர் இரண்டு காதுக்கும் மிஷின் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக டீச்சர் தன் அக்காவைப் போய்ப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து, எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினார். அக்கா சாயங்காலம்வரை அவரை விடவில்லை. அந்தப் பட்டப்பேர் அன்றோடு செத்தது.

மிஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது எல்லார் பேச்சையும் பாரபட்சமில்லாமல் பெரிதாக்கியது. ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவது டீச்சருக்கு வழக்கமாயிற்று.

'வாழும் இல்லம்' பிரிவில் போட்டோவுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. அதில் மருமகள் ஒரே சமயத்தில் சிரித்து அழுதுகொண்டிருக்கிறாள், மேனேஜர் வாயைத் திறந்தபடி இருக்கிறார். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். பூச்சாடி இப்போது கொஞ்சம் இருட்டில் நிற்கிறது. அதற்கு மனவருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் மேனேஜர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஒருநாள் இரவு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் அகப்பட்டிருந்தார். பால்கண்ணாடிக் குடத்தின் கீழே மேசையைச் சுற்றி எல்லார் முகமும் இதமாகத் தெரிந்தது.

"லைட்டிங்ல பொதுவா மூணு லேயர்னு சொல்லுவாங்க. தப்பு. நாலாவது ஒண்ணு இருக்கு, முகம்! இதை நான் ஆரம்பத்துலேயே சிற்பிகிட்ட சொன்னேன்..."

டீச்சரின் மிஷின் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே மருமகளின் உதடு அசைந்தது. குரலே இல்லை. 'மாமா வாய்க்கு மட்டும் தனி சுவிட்ச் வைக்க முடியுமான்னு சிற்பியைக் கேளுங்களேன், அத்தை.'

டீச்சரும் குரலில்லாமல் உதட்டை அசைத்தார். 'கேட்டுட்டேன். அதுக்கு ஒயரிங்கே கிடையாதாம்.'

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குபீரென்று சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு, டீச்சர்?" என்றார் மேனேஜர்.